செட் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது? தோட்ட வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் படியுங்கள்

சுருளிப்பட்டியான் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியார் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவர். இருட்டோடு ஜீப் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார். இறங்கியதும் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் "மேல்வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். அவர் மட்டும் இல்லை, அந்த ஜீப்பில் வருகிற பாதிப் பேர் அப்படித்தான். நாலைந்து மாத்திரையைக் கத்தரியால் வெட்டி ஒரு பேப்பர் கவரில் போட்டுத் தருகிறார்கள். பெயர் கிடையாது, பில் கிடையாது.

இப்போது முகம் உப்பி வட்டமாகிவிட்டது. வயிறு பெருத்திருக்கிறது, கை கால் குச்சியாகிவிட்டது. சொந்தத்தில் எல்லோரும் "மதினி சதை போட்டுட்டாக" என்று கேலி பேசுகிறார்கள். போன வாரம் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை வந்திருக்கிறது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கவரில் மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். வெள்ளையில் நீளமாக ஒன்று, அரைவட்டமாக வெட்டியது ஒன்று, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்த செட்டில் பொதுவாக என்ன போடுவார்கள்?

கட்டப்பனை டி.ஃபார்ம் | ஞாயிறு, இரவு 9.25

அண்ணே, நான் உத்தமபாளையத்துக்காரன், இப்போது கட்டப்பனையில் ஒரு மெடிக்கலில் வேலை. மாத்திரையைப் பார்க்காமல் உங்கள் வீட்டுக் கவரில் இருப்பது இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேல்வலி செட் என்றால் வழக்கமாக என்ன வரும் என்று சொல்லலாம்.

முதலில் பாராசிட்டமால், 500 அல்லது 650. அடுத்து டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக், வலியை உடனே இறக்குவது இதுதான். சளி, அரிப்புக்கான செட்டிரிசினோ சி.பி.எம். (குளோர்ஃபெனிரமின்) மாத்திரையோ ஒன்று சேரும். அதைப் போட்டால் தூக்கம் வரும், தூங்கி எழுந்தால் ஆளுக்கு நல்லாயிருந்த மாதிரி இருக்கும். வயிற்றுக்கு என்று ஒன்று. கடைசியாக அந்தச் சின்ன மாத்திரை. அதுதான் வில்லங்கம். பெரும்பாலும் டெக்ஸாமெதாசோன், பீட்டாமெதாசோன், பிரட்னிசோலோன் இதில் ஏதோ ஒன்றாக இருக்கும். மூன்றும் ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. ஆஸ்துமா முற்றி மூச்சுத் திணறுகிறவருக்கு, சில வகை மூட்டுவாதத்துக்கு அது இல்லாமல் முடியாது. 2020இல் கொரோனாவில் ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குப் போனவர்களின் உயிரைக் காப்பாற்றியதும் இதே டெக்ஸாமெதாசோன்தான். ஆனால் இடுப்புவலிக்கு மாதக்கணக்கில் தினமும் போடுகிற சாமான் இல்லை.

நம் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்குத் தேவையான கார்ட்டிசால் என்கிற ஸ்டீராய்டு ஹார்மோனை அதுவே சுரக்கும். வெளியிலிருந்து தினமும் அதே வேலையைச் செய்யும் மருந்து வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கொழுப்பு முகத்திலும் வயிற்றிலும் போய்ச் சேரும், கை கால் தசை கரையும், தோல் மெலிந்து சும்மா இடித்தாலே கன்றிப்போகும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு பலம் குறையும், கண்ணில் புரை வரலாம். நோய் எதிர்ப்பும் குறைவதால் உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் எழுந்துவிடலாம். உங்கள் மாமியார் போட்டது சதை இல்லை அண்ணே. நீங்கள் சொல்கிற முகமும் வயிறும் ஸ்டீராய்டைத்தான் காட்டுகின்றன.

இன்னொன்று. ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் ஒன்றாகச் சேர்ந்தால் குடல்புண் வந்து ரத்தம் கசியும் ஆபத்து பல மடங்கு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். போனால் நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

நர்ஸ் அக்கா_தேனி | ஞாயிறு, இரவு 9.50

தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். சுருளிப்பட்டி அண்ணே, இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் நாளை காலையிலிருந்து எல்லா மாத்திரையையும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் ஸ்டீராய்டு ஓடிய உடம்பில் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி ஆள் சுருண்டு விழுவது வரைக்கும் போகும். டாக்டர்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும். மிச்சம் இருக்கிற மாத்திரையை அந்தக் கவரோடு எடுத்துக்கொண்டு போங்கள். க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் சரி, கம்பம் ஜி.எச்.சுக்குப் போனாலும் சரி, கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள்.

மெட்டு ஜீப் | ஞாயிறு, இரவு 10.30

நான் ஜீப் ஓட்டுகிறவன். எல்லோரும் படித்தவர்கள், நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏலச்செடிக்குக் காய் எங்கே பிடிக்கிறது? தூரில், தரையோடு தரையாக. அதைக் குனிந்து, உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து நாள் முழுக்க எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் காலில் அட்டை, மேலே கொட்டிக்கொண்டே இருக்கும் மழை, முதுகில் பிளாஸ்டிக் தாள். சாயங்காலம் இறங்கும்போது ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கால் ஊன்ற முடியும். ஜி.எச். ஓ.பி.யில் நிற்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மறுநாள் கங்காணி ஜீப்பில் இடம் இல்லை என்பார். செட் மாத்திரை ஒரு டீ வடைக் காசு. எது சுலபம்? மெடிக்கல்காரரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நர்ஸ் அக்கா_தேனி | ஞாயிறு, இரவு 10.55

அண்ணே, உங்கள் கேள்வி நியாயம். கூலி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தியவர்கள் எங்கள் வார்டுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், ஆண்களுக்கு இது கண்ணில் படாது. காட்டுக்குள் பொம்பளைகளுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையில் வீட்டில் குடித்த டீயோடு சரி, சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடிப்பதே இல்லை. பாட்டிலில் கொண்டுபோன தண்ணீர் அப்படியே திரும்பி வரும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். அப்போது அந்த ரத்தக்குழாயை விரித்துவைத்துக் காப்பாற்றுவது புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள். டைக்ளோஃபெனாக் வலியைக் குறைப்பதே இந்தப் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கவிடாமல் தடுத்துத்தான். வலியும் போகிறது, சிறுநீரகத்துக்கு இருந்த பாதுகாப்பும் போகிறது. வயிற்றின் உள்தோலைக் காப்பதும் அதுவேதான், அதனால்தான் வயிறும் புண்ணாகிறது.

இதோடு பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் மோசம். எனாலாப்ரில், டெல்மிசார்டன் மாதிரி ஒன்று, நீர் பிரிய ஒன்று, மேலே டைக்ளோஃபெனாக் என்று மூன்றும் கூடினால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அதை வாங்கிக்கொள்கிற அம்மாவே சாயங்காலம் மெடிக்கலில் செட்டும் வாங்குகிறார். பிரஷர் ஏன் அடங்கவில்லை என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம். டைக்ளோஃபெனாக் பிரஷரையும் ஏற்றும்.

பிறகு ஒரு நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி வருவார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவின் அளவைப் பார்த்துவிட்டு "உப்பு ஏறியிருக்கு" என்போம். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டோமே என்று அழுவார்கள். சாப்பாட்டு உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சிறுநீரகம் கழிவை வெளியே தள்ளவில்லை என்பதுதான் கணக்கு. டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. அப்போது எந்தத் தோட்டத்துக்குப் போவது?

ராயப்பன்பட்டி | திங்கள், காலை 6.15

எங்க அப்பா இருபது வருஷமாக டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு கல் மாதிரி இருக்கிறார். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

கட்டப்பனை டி.ஃபார்ம் | திங்கள், காலை 7.40

அப்பா நல்லாயிருக்கட்டும். ஒரு தடவை கிரியேட்டினினும் பிரஷரும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்ட பிறகும் வெளியே ஒன்றும் தெரியாது.

சம்பந்தம் இல்லாத ஒரு விஷயம், ஆனால் சொல்லத் தோன்றுகிறது. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்கு இதே டைக்ளோஃபெனாக்தான் காரணம். மாட்டுக்கு ஊசி போட்டார்கள், செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைக்கு இதைத் தடை செய்தார்கள். மனுஷன் கழுகு அளவுக்கு நோஞ்சான் இல்லைதான். அதற்காக இருபது வருஷமா?

மெட்டு ஜீப் | திங்கள், காலை 11.20

சரி, நான் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். செட்டில் தூக்கம் வருகிற மாத்திரை இருக்கிறது என்று தம்பி சொன்னார். எங்கள் லைனில் சளி பிடித்தால் டிரைவர்களும் இதையே போட்டுவிட்டு வண்டி எடுக்கிறார்கள். மெட்டு இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு, பின்னால் நெருக்கியடித்து ஆட்கள். இது எனக்குப் புதுச் செய்தி. வலி மாத்திரையில் தூக்கம் எதற்கு என்று யோசித்ததே இல்லை.

கட்டப்பனை டி.ஃபார்ம் | திங்கள், மதியம் 1.05

சி.பி.எம்., அதே வகை அவில் மாத்திரை இரண்டும் நன்றாகவே தூக்கத்தைக் கொடுக்கும். செட்டிரிசின் சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரைச் சாய்த்துவிடும். தூக்கம் வராத மாதிரி இருந்தாலும் பிரேக்கில் கால் போகும் வேகம் குறையும். ராத்திரி போட்டது காலை வரைக்கும் நிற்கும். கூடவே ஒரு குவார்ட்டர் உள்ளே போயிருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி எடுக்கிற நாளில் போடாதீர்கள் அண்ணே, டாக்டரிடம் டிரைவர் என்று சொன்னாலே வேறு மாற்றி எழுதுவார்.

குமுளி ரோசாப்பூக்கண்டம் | திங்கள், மாலை 5.30

எல்லைக்கு இந்தப் பக்கம் கதை வேறு. இங்கே மெடிக்கலில் போய் ஆன்டிபயாடிக் கேட்டால் "சீட்டு எவிடே?" என்கிறார்கள். கேரளாவில் 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்று ஆரம்பித்து, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கிற கடைகளை மடக்கினார்கள். ஆன்டிபயாடிக்கை நீலக் கவரில் போட்டுத் தருவதும் வந்தது. எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பஸ் ஏறிக் கூடலூர், கம்பம் இறங்கி, அஸித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆன்டிபயாடிக்குக்கு எங்கேயும் சீட்டு வேண்டும். கேட்கிறவர்கள் ஒரு பக்கம்தான் இருக்கிறார்கள்.

வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் ஒரு பிரயோஜனமும் இல்லை. வயிற்றில் இருக்கிற நல்ல கிருமி சாவதும், பிறகு நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாமல் போவதும்தான் மிச்சம்.

நர்ஸ் அக்கா_தேனி | திங்கள், இரவு 8.10

காய்ச்சல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மழை மாசத்தில் காய்ச்சலோடு மேல்வலி வந்தால் செட் மாத்திரை பக்கமே போகாதீர்கள். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக், புரூஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவை இழுத்துவிடும். பாராசிட்டமால் மட்டும்தான். எலிக்காய்ச்சலாக இருந்தால் அது ஏற்கெனவே சிறுநீரகத்தைக் குறிவைக்கும் நோய், அதன் மேல் டைக்ளோஃபெனாக் போட்டால் இரண்டு பக்கமும் அடி. சேற்றிலும் தேங்கின தண்ணீரிலும் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் வாரம் ஒருமுறை கேரள ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கிறார்கள். தோட்டத்தில் ஆஷா பணியாளர் வந்தால் கேளுங்கள். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக் கூடாது.

இன்னொன்று, செடிக்கு மருந்து அடித்த அன்றைக்குத் தலைவலி, வியர்வை, எச்சில் ஊறுவது, கண் மங்கல், வயிற்றைப் பிரட்டுவது என்று வந்தால் அது பூச்சிமருந்து உடம்புக்குள் போன அடையாளம். அதற்கு செட் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. உடுப்பைக் கழற்றி சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெயர் வேண்டாம் | திங்கள், இரவு 10.45

நீங்கள் வயதானவர்களின் இடுப்புவலியைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் என்றாலே எல்லோருக்கும் கஞ்சாதான் ஞாபகம் வரும், செக்போஸ்ட்டில் மோப்பம் பிடிப்பதும் அதைத்தான். மாத்திரை அட்டை சட்டைப்பையில் இருந்தால் எவன் கேட்பான்? என் தம்பியின் அறையில் டேபெண்டடால் என்று எழுதிய காலி அட்டைகள் கிடந்தன. கேட்டால் "டாக்டர் குடுக்கிற மாத்திரைதானே, கஞ்சாவா அடிக்கிறேன்?" என்கிறான். அம்மாவும் அதையே சொல்கிறார். இது என்ன மருந்து?

கட்டப்பனை டி.ஃபார்ம் | திங்கள், இரவு 11.20

மூளையில் அபின் வேலை செய்கிற அதே இடத்தில் வேலை செய்கிற மருந்து. ஆபரேஷனுக்குப் பிறகு, கடுமையான வலிக்கு டாக்டர் கொடுப்பது. டிராமடாலும் இதே குடும்பம்தான், அது 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் (என்.டி.பி.எஸ்.) வந்துவிட்டது. இதெல்லாம் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் வகையறாவே இல்லை. எல்லாவற்றையும் "வலி மாத்திரை" என்று ஒரே பெட்டியில் போடுவதால்தான் அம்மா ஏமாறுகிறார்.

போகப் போக அதே அளவுக்கு போதை வராது, அளவு கூடிக்கொண்டே போகும். மலச்சிக்கல், வாந்தி, எந்நேரமும் மயக்கம், கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்குவது. அளவு மீறினால் மூச்சு விட வேண்டும் என்கிற உணர்வே மூளைக்குப் போகாது. சாராயத்தோடோ, அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். மாத்திரையை ஊசியாக ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை, அதைக் கெட்டியாக்கப் போட்ட தூளும் இருக்கிறது. அது கரையாமல் நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைக்கும், குத்தின இடம் சீழ் பிடிக்கும். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி என்கிற மஞ்சள் காமாலை.

எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், குறட்டை மாதிரி இழுத்து இழுத்து மூச்சு என்றால் யோசிக்காமல் 108. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். போலீஸ் வருமே என்று தாமதிக்காதீர்கள்.

நர்ஸ் அக்கா_தேனி | செவ்வாய், காலை 6.50

பெயர் வேண்டாம், உங்களுக்குத்தான். தம்பியை அடித்துப் பூட்டிவைத்துப் பார்க்க வேண்டாம். நிறுத்தின முதல் சில நாள் உடம்பெல்லாம் முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிற்றுப்போக்கு, தூக்கம் இருக்காது. பார்க்கவே பாவமாக இருக்கும், அதைத் தாங்க முடியாமல்தான் திரும்பவும் அட்டையைத் தேடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் இதற்கு சிகிச்சை உண்டு. 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், இரண்டும் இலவசம். கூடவே அல்பிரசோலமும் எடுத்திருந்தால் அதை வீட்டில் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

ராயப்பன்பட்டி | செவ்வாய், காலை 9.30

அப்பாவை இன்று கூட்டிப்போகிறேன். (டி.ஃபார்ம் தம்பி, சந்தோஷமா?) ஒரு சந்தேகம். டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்றால் டோலோ (பாராசிட்டமால்) எத்தனை போடலாம்?

கட்டப்பனை டி.ஃபார்ம் | செவ்வாய், மதியம் 12.40

ரொம்ப சந்தோஷம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். 650 மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். அது உச்சவரம்பு, தினசரி அளவு இல்லை. மெலிந்தவர்கள், தினமும் குடிக்கிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் அதைவிடக் குறைவாகத்தான் போட வேண்டும், அதை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சளி மாத்திரைக்குள்ளேயும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் படித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளவு மீறினால் முதல் நாள் கொஞ்சம் குமட்டல்தான், ஆள் தெம்பாகவே இருப்பார். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈரல் கெட்டது தெரியும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன். ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். நிறையப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், நல்லாத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சுருளிப்பட்டியான் | புதன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. மாமியாரைக் கவரோடு கூட்டிப்போனோம். அந்தச் சின்ன மாத்திரை டெக்ஸாமெதாசோன்தான். டாக்டர் வேறு ஸ்டீராய்டுக்கு மாற்றி, வாரா வாரம் குறைக்கச் சீட்டு எழுதியிருக்கிறார். சர்க்கரை இதோடு இறங்குமா, தங்கிவிடுமா என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். கிரியேட்டினின் 1.4, இருக்க வேண்டியதை விடக் கூடுதல். டைக்ளோஃபெனாக் இனிமேல் ஆகாது என்று சொல்லிவிட்டார். மாமியாருக்குக் கோபம், "வலிக்கு மருந்து கேட்டுப் போனா இருக்கிற மருந்தையும் பிடுங்கிட்டாக" என்கிறார். அந்த மெடிக்கலில் போய்க் கேட்டேன். "கேட்கிறவங்களுக்குக் கொடுக்கிறோம், கொடுக்கலைன்னா அடுத்த கடைக்குப் போவாங்க" என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை.

மெட்டு ஜீப் | புதன், இரவு 10.05

எங்கள் ஜீப்பில் இதைப் பேசினேன். இரண்டு அக்காமார் மட்டும் அட்டையோடு கொடு, பில் போடு என்று கேட்டு வாங்கினார்கள். பில் என்றதும் அந்தச் சின்ன மாத்திரை செட்டில் வரவில்லை. மறுநாள் வலி தாங்கவில்லை என்று ஒருத்தி வேறு கடைக்குப் போய்விட்டார். இன்னொருத்தி கேட்கச் சொன்ன கேள்வி: முகம் வெளுக்க ஒரு களிம்பு தடவுகிறார், பெட்னோவேட். அதிலும் இந்த ஸ்டீராய்டு இருக்கிறதா?

கட்டப்பனை டி.ஃபார்ம் | புதன், இரவு 10.30

இருக்கிறது, பீட்டாமெதாசோன். முகத்தில் தடவவே கூடாது. முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, முடியும் பருவும் வரும். படர்தாமரைக்குத் தடவினால் அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை தாராளமாகப் பரவும். நிறுத்தினால் கொஞ்ச நாள் முகம் எரியும், அதைப் பார்த்து மறுபடி தடவ ஆரம்பித்துவிடாமல் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டோடு அந்த டியூபையும் எடுத்துப்போகட்டும்.